மேஜை மேல் கிடந்த சவுக்கு

அந்த வாரங்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நீதானே தலைவர், ஏதாவது செய். குதிரைக்கு லாடம் அடிக்கிறவர் சொன்னார். புல்லுக்கட்டு விற்கிறவள் சொன்னாள். என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். தலைவர் என்றால் இடுப்பில் ஒரு சாவி தொங்கும், எந்தப் பூட்டையும் அது திறக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. என் இடுப்பில் பீடிக்கட்டுதான் இருந்தது.

நான் ஜட்கா வண்டி ஓட்டியவன். ராயப்பேட்டையில் லாயம். நாலாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்துப் போடத் தெரியும், நோட்டீஸ் படிக்கத் தெரியும். அதற்காகவே எங்கள் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். இப்போது அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நான் வழக்கத்தை உடைத்தேனாம், சங்கத்தைக் கெடுத்தேனாம். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

ராயப்பேட்டை ஸ்டாண்டு வண்டிக்காரர்களும் மயிலாப்பூர்க் குளத்து ஸ்டாண்டு வண்டிக்காரர்களும் சேர்ந்து நடத்திய கூட்டுறவுச் சங்கம் அது. குதிரைக்குக் கொள்ளு வாங்குவதுதான் அதன் வேலை. சங்கம் வருவதற்கு முன் எங்களுக்குக் கொள்ளு வாங்க வட்டிக்குத் துட்டு கொடுத்தவன் ஈட்டிக்காரன். குதிரையின் பேரில் கொடுப்பான். தவணை தவறினால் தடியோடு வந்து வாசலில் நிற்பான். அப்புறம் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். என் அண்ணனுடைய குதிரையை அப்படி ஓட்டிக்கொண்டு போனான். அண்ணன் அதன் பின்னாலேயே மவுண்ட் ரோடு வரை நடந்தார். குதிரை திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். அண்ணன் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை.

சங்கம் வந்தபிறகு அது நின்றது. பட்டணத்துப் பெரிய பாங்கி ஒன்று சங்கத்துக்குக் கடன் கொடுக்கும். சங்கம் அந்தப் பணத்தைக் கொள்ளு மண்டிக்குக் கட்டும். வாரா வாரம் சங்கத்தில் ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் பித்தளை வில்லைகள் கொடுப்போம். ஒரு வில்லையை மண்டியில் நீட்டினால் ஒரு படி கொள்ளு. அவன் சவாரியில் கிடைத்ததிலிருந்து சிறுகச் சிறுகச் சங்கத்துக்குத் திருப்பிக் கட்டுவான். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு கொக்கி இருந்தது. சங்கம் எவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்று அங்கத்தினர்கள் பொதுக்கூட்டத்தில் ஒரு வரம்பு போடவேண்டும். வரம்புக்கு மேல் பாங்கி கொடுக்காது. வரம்பை உயர்த்த வேண்டுமென்றால் மறுபடியும் கூட்டம், மறுபடியும் வோட்டு.

எங்கள் வோட்டு எப்படி என்று சொல்லவேண்டும். நாங்கள் கை தூக்குவதில்லை. சங்கத்துக் கொட்டகையின் முற்றத்தில் கோடு கிழிப்போம். சம்மதம் என்றால் கோட்டுக்குக் கிழக்கே சவுக்கை வைக்கவேண்டும். இல்லை என்றால் மேற்கே. தலைவரின் சவுக்கு மட்டும் மேஜை மேல் குறுக்காகக் கிடக்கும். அது எந்தப் பக்கமும் போகாது.

இது விளையாட்டுக்கு வந்த வழக்கம் அல்ல. எங்கள் காரியதரிசி ஒரு பாய். ராயப்பேட்டைக்காரர், சேணம் தைக்கிறவர். அவருக்கு இடது கண் கிடையாது. முன்பு அவரும் ஜட்கா ஓட்டியவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் யார் முறை, யார் சவாரியை ஏற்றுவது என்று இரண்டு ஸ்டாண்டும் அடித்துக்கொண்ட ஒரு நாளில் ஒரு சவுக்கின் நுனி அவர் கண்ணில் பட்டது. யாருடைய சவுக்கு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு ஸ்டாண்டும் ஒரு முடிவுக்கு வந்தன. ஒரு ஆளின் சவுக்கு யார் பக்கமும் சேராமல் குறுக்கே கிடக்கட்டும். முறைச் சண்டை வந்தால் அந்த ஆள் சொல்வதுதான் தீர்ப்பு. சங்கம் ஆரம்பித்தபோது அந்த ஆளே தலைவர் ஆனான். அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது ஆள் நான். நான் போ என்றால் வண்டிக்காரன் போவான், நில் என்றால் நிற்பான். குளத்து ஸ்டாண்டுக்காரனும் நிற்பான். என் முகத்துக்காக இல்லை, அந்த மேஜை மேல் கிடக்கும் சவுக்குக்காக.

எலெக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பித்திருந்த சமயம். கொள்ளு விலை ஏறியது. கடன் வரம்பு வரை வாங்கி முடித்துவிட்டோம். மண்டிக்குப் பழைய பாக்கி நின்றது. மண்டிக்காரர் ஆள் அனுப்பினார்: பாக்கி தீராமல் இனிமேல் மூட்டை வராது, சங்கத்திடம் இருக்கிற வில்லைக்கு மட்டும் அளப்பேன். நான் கூட்டம் கூட்டி வரம்பை உயர்த்தச் சொன்னேன். அது ஏதோ புதுச் செலவுக்கு இல்லை. குதிரைகள் ஏற்கெனவே தின்று, வண்டி இழுத்து, சாணியும் போட்டுவிட்ட கொள்ளுக்குத்தான் பணம் கேட்டேன்.

குளத்து ஸ்டாண்டின் பெரிய ஆளை எல்லாரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல வண்டிக்காரர். பேச்சிலும் கெட்டி. அவர் எழுந்து தோள் துண்டை உதறிக்கொண்டு பேசினார்.

"கடன் மேல கடன் வாங்கிக்கினே போனா எங்க போயி நிக்கும், நைனா? நாளைக்கு நம்ம புள்ளைங்க தலையில வந்து வுழும். ஓட்டத் தெரியாதவன் வண்டி மாதிரி போய்க்கினு கீது நம்ம சங்கம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் வரைக்கும் வரம்பை உயர்த்தும்போதெல்லாம் முதலில் கிழக்கே சவுக்கு வைத்தவர் அவர்தான். இப்போது மட்டும் பிள்ளைகள் தலை ஞாபகம் வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். மாம்பலம் ஸ்டேஷன்.

மாம்பலத்தில் ஒன்றுமே இல்லாத காலத்தில் எங்கள் ராயப்பேட்டை ஆட்கள் சிலர் அங்கே போய் நின்றார்கள். புழுதியில் நாள் பூராவும் நின்றால் ஒரு சவாரி வரும். அதனால் அங்கே முறை அவர்களுடையது. புது நகரம் வந்து வீடுகள் முளைத்தன. எலெக்ட்ரிக் ரயிலும் வந்தது. சாயங்காலம் ஆபீஸ் ஜனம் கூட்டமாக இறங்கியது. உடனே குளத்து ஸ்டாண்டுக்கு அந்த சாயங்கால முறை வேண்டும். முன்பே என்னிடம் கேட்டு, நான் முடியாது என்று சொல்லியிருந்தேன். புழுதியில் நின்றவனுக்குத்தான் ரயில் சவாரி. அது என் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை வாயால் மீற முடியாதவர்கள் குதிரைகளின் வயிற்றில் கை வைத்தார்கள்.

சவுக்குகள் வைக்கப்பட்டன. காரியதரிசி பாய் எண்ணினார், மறுபடி எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். என்னைப் பார்த்தார். விதிப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது: மற்ற விஷயங்களில் சமம் வந்தால் தலைவர் ஒரு வோட்டு அதிகமாகப் போட்டு முடிக்கலாம், கடன் வரம்பு விஷயத்தில் மட்டும் அது கிடையாது. தீர்மானம் விழுந்தது, கூட்டம் கலைந்தது. மீசைக்காரர் போகும்போது என் தோளைத் தட்டினார். மாம்பலத்தைக் கொடுத்தால் மறுநாளே எல்லாச் சவுக்கும் கிழக்கே வந்துவிடும் என்று காதோடு சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் எனக்கு மாதச் சவாரி. தினமும் காலையில் அவரை ஹைகோர்ட்டில் கொண்டுபோய் விடுவேன். மறுநாள் வண்டியில் ஏறியதும் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வழக்கமாகப் பேப்பர் படிப்பவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"பேஷ். சட்டசபைக் கவுன்சில்ல இதேதான். மந்திரி பணம் கேக்கறார், மெம்பர்கள் தரமாட்டேங்கறா. கவர்னர் என்ன பண்றார்? அவசியம்னு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு எடுத்துண்டு போயிடறார். ஆனா நீ கவர்னர் இல்லையேப்பா."

அது எனக்குத் தெரியும் என்றேன். அவர் நிறுத்தவில்லை. மவுண்ட் ரோடு வருவதற்குள் வழி மேல் வழியாகச் சொன்னார். சங்கத்தை நடத்துவது தலைவர் கடமை என்று விதியில் இருக்கிறது, வரம்பும் விதியில் இருக்கிறது, இரண்டும் முட்டினால் கடமைதான் பெரிசு என்று சொல்லி நான் பாட்டுக்குக் கடன் வாங்கலாமாம். கோர்ட்டுக்கு வந்தால் அவரே வாதாடுவாராம்.

"பாங்கி குடுக்குமா, சாமி?" என்று கேட்டேன்.

"குடுக்காது. அது வேற விஷயம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குதிரையின் மேல் சவுக்கு விழுந்தது. அதற்கு நியாயமே இல்லை, குதிரை என்ன செய்தது. அவருக்கு அது ஒரு கணக்குப் புதிர். கோர்ட்டு வாசலில் இறங்கும்போது சர்க்கார் ஆபீசுக்கு எழுதிப் போடு என்றார். இருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது என்று நீயே தீர்மானம் பண்ணு என்றார். சங்கத்துக்குச் சொத்து இருந்தால் விற்றுப் பார் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டு போனார். எது நடக்கும், எது நடக்காது என்று அலைந்து பார்க்கவேண்டியவன் நான்.

அலைந்தேன். பாங்கியில் ஒரு குமாஸ்தா, உட்காரக்கூடச் சொல்லவில்லை, தீர்மான நகல் எங்கே என்றான். இல்லை என்றேன். அப்படியென்றால் வந்த வழியே போ என்பதுபோல் பேனாவை ஆட்டினான். கூட்டுறவு சர்க்கார் ஆபீசில் ஒரு அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உங்களால் நடத்த முடியவில்லை என்று எழுதிக் கொடுங்கள், கமிட்டியைக் கலைத்துவிட்டு எங்கள் ஆள் ஒருவர் வந்து உட்காருவார் என்றார். வந்து உட்கார்ந்து என்ன செய்வார் என்று கேட்டேன். கணக்கை முடிப்பார் என்றார். முடித்தபிறகு? அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். முடித்தபிறகு ஈட்டிக்காரன்தான். விற்பதற்குச் சங்கத்தில் இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டியும், நொண்டிக் குதிரைகளைக் கட்டும் கொட்டகையும். கொட்டகை வாடகைக்கு எடுத்தது.

கடைசியில் ஒரு வழி எனக்கே தோன்றியது. வில்லை. அதை அடிக்கும் அச்சு சங்கத்துப் பெட்டியில்தான் இருந்தது. பித்தளைக்காரரிடம் கொடுத்தால் ஒரு காலையில் ஒரு கூடை வில்லை அடித்துக் கொடுத்துவிடுவார். வில்லை அடிப்பதற்குக் கூட்டம் வேண்டாம், வோட்டு வேண்டாம். தலைவர் சொன்னால் போதும் என்றுதான் விதி. மண்டியில் வில்லையை நீட்டினால் கொள்ளு. இதைவிட என்ன வேண்டும்? வக்கீலுக்குக்கூடத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று கொஞ்சம் கர்வமாகவே மண்டிக்குப் போனேன்.

மண்டிக்காரர் மூட்டைகளுக்கு நடுவே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சுற்றவே இல்லை.

"தலைவரே, நீங்க கூடை கூடையா அடிச்சுக் கொண்டாங்க. நான் வேணாங்கல. ஆனா ஒரு வில்லைக்கு அரைப் படிதான் அளப்பேன். அதுக்கு மேல வந்தா கால் படி. பித்தளைய நான் துன்ன முடியாது."

அச்சை எடுத்து மறுபடியும் பெட்டியில் போட்டேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒருவர்தான் அத்தனை நாளில் எனக்கு நேராகப் பதில் சொன்னவர்.

சங்கத்தில் மிஞ்சியிருந்த வில்லைகளை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டேன். முன்பு பாக்கியில்லாமல் கட்டியவனுக்குக் கூடுதலாகக் கொடு என்றார்கள். குட்டி போட்ட குதிரைக்குக் கூடுதலாகக் கொடு என்றார்கள். குளத்து ஸ்டாண்டுக்கு நிறுத்து என்று எங்கள் பக்கத்து ஆட்களே சொன்னார்கள். மேற்கே சவுக்கு வைத்தது மனிதர்கள், அவர்களுடைய குதிரைகள் இல்லை என்று கத்தினேன். சமமாகப் பங்கிட்டதால் சமமாகத் திட்டு வாங்கினேன். அப்புறம் வில்லையும் தீர்ந்தது. குதிரைகள் புல்லைத் தின்றுகொண்டு நின்றன. புல்லைத் தின்ற குதிரை நடக்கும். ஏற்றத்தில் ஆட்களோடு வண்டியை இழுக்காது. ஜட்காக்காரனுக்கு ஏற்றம் இல்லாத தெரு எது? மீசைக்காரரின் குதிரைக்கும் விலா எலும்பு தெரிந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போல் முறுக்கிக்கொண்டு போனார். அவர் ஆட்களில் சிலர் ஈட்டிக்காரனிடம் போய்ப் பேசிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். யாருடைய முறைக்காகச் சண்டை போட்டார்களோ அந்த முறையில் நிற்கக் குதிரை இருக்காது. இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நான் முதலில் இறங்கி வருவேன் என்று காத்திருந்தார்கள்.

ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து ஒரு பொம்பிளை எங்கள் சங்கத்தில் இருந்தாள். புருஷன் செத்தபிறகு வண்டியை விற்காமல் மச்சினனை வைத்து ஓட்டினாள். குதிரைக்குத் தண்ணி காட்டுவது, தேய்ப்பது எல்லாம் அவள்தான். கூட்டத்துக்குப் புருஷனின் சவுக்கை எடுத்துக்கொண்டு வருவாள். பொம்பிளை சவுக்கு வைக்கலாமா என்று ஆரம்பத்தில் யாரோ கேட்டதற்கு, அப்போ என் குதிரைக்கு நீ கொள்ளு போடறியா என்று கேட்டு வாயை அடைத்தவள். அவளுடைய பழுப்புப் பெட்டைக் குதிரை அடையாற்றுப் பாலத்து ஏற்றத்தில் சவாரியோடு முழங்கால் மடிந்து விழுந்தது. ஏர்க்காலில் கட்டிய வாரை அறுத்துத்தான் எழுப்பினார்களாம். அது உயிரோடுதான் இருந்தது, ஆனால் லாயத்தில் படுத்தால் தானாக எழுந்திருக்கவில்லை.

அவள் மறுநாள் காலை என் வாசலுக்கு வந்தாள். ஈட்டிக்காரன் அவள் வீட்டுக்கு வந்து குதிரையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கொள்ளுக்கு அவன் துட்டு கொடுப்பான், பேரம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம்தான் வரம்புக்காக நான் மறுபடியும் கூட்டியிருந்த இரண்டாவது கூட்டம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்:

"அல்லாரு சவுக்கும் தரையில குந்திக்கினு கீது. ஒன் சவுக்கு மட்டும் இன்னாத்துக்குயா மேஜ மேல தூங்குது?"

தலைவர் சவுக்கு எந்தப் பக்கமும் போகாது என்றேன்.

"எங்க எழுதி கீது? காட்டு."

நான் உள்ளே போய் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கடன் வரம்பில் சமம் வந்தால் தலைவருக்குக் கூடுதல் வோட்டு கிடையாது என்று இருந்தது. முதல் வோட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை. நானும் ஒரு அங்கத்தினன். எனக்கும் ஒரு சவுக்கு உண்டு. அது மேஜை மேல் கிடந்தது விதியால் அல்ல, எங்கள் வழக்கத்தால். நாங்களாக வைத்தது. அத்தனை நாள் பாங்கி, சர்க்கார், மண்டி என்று அலைந்த எனக்கும் சரி, இத்தனை சட்டம் பேசிய வக்கீலுக்கும் சரி, இது தோன்றவில்லை. வக்கீலுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. எனக்கு வழக்கம் விதிபோல் ஆகிப்போயிருந்தது.

நேரே காரியதரிசி பாயிடம் போனேன். சேணத்தில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். சொன்னதும் ஊசி நின்றது. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"எடுக்கலாம். கணக்குல சேத்துக்கறேன். ஆனா ஒண்ணு, தலைவரே. எடுத்துட்டா அது மறுபடியும் மேஜைக்கு வராது. அப்பறம் மொறச் சண்ட வந்தா யாராண்ட போவாங்க?"

அப்போது அவர் இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் சொல்லுங்கள், எடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். நான் எழுந்தபோது, அந்தப் பெட்டைக் குதிரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எழுந்திருக்கவில்லை என்றேன். அவர் மறுபடியும் தைக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது கூட்டம் மத்தியானம், சவாரி இல்லாத நேரம். முற்றத்தில் வெயில் கொதித்தது. வந்தவர்கள் யாரும் கேலி பேசவில்லை. எங்கள் கூட்டத்தில் அது அதிசயம். மீசைக்காரர் இந்தமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். மூன்று மாசத்துக்கு மாம்பலம் சாயங்கால முறை எங்களுக்கு, அப்புறம் பேசிக்கொள்ளலாம், உடனே வரம்புக்கு சம்மதம். எங்கள் பக்கத்தில் சிலர் தலையை ஆட்டினார்கள். கொடுத்துவிட்டால் என்ன என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுத்திருந்தால் குதிரை பிழைக்கும், சவுக்கு மேஜையில் இருக்கும், என் நாற்காலியும் இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் வரம்பு போடும் நாளில் வேறு ஒன்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி வாசல் கேட்பார்கள். குதிரையின் வாயைக் கட்டினால் தலைவர் இறங்குவார் என்று தெரிந்தபிறகு யார் விடுவான்? புழுதியில் நின்றவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

வோட்டு போடுங்கள் என்றேன். சவுக்குகள் விழுந்தன. பாய் எண்ணினார். அதே சமம்.

நான் எழுந்தேன். மேஜை மேல் கிடந்த என் சவுக்கை எடுத்தேன். யாரோ "வாத்தியாரே" என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டது கேட்டது. கோட்டுக்குக் கிழக்கே போய், அந்தப் பொம்பிளையின் சவுக்குக்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

கொட்டகையில் ஒரு குதிரை காலைத் தட்டிக்கொண்டே இருந்தது. பாய் கணக்கில் எழுதினார், கிழக்கே ஒரு வோட்டு அதிகம், தீர்மானம் நிறைவேறியது என்று படித்தார். அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

மீசைக்காரர் தன் சவுக்கை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"சரி. இனிமே நீயும் ஒரு பக்கம்தான். மொறைக்கு எங்கள கூப்புடாத."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் மாட்டிய கொக்கியிலிருந்து நான் தப்பவேண்டுமானால் அவர் சொல்வது சரியாகும்படிதான் தப்பவேண்டியிருந்தது.

தீர்மான நகலைப் பாய் அங்கேயே எழுதிக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு பாங்கிக்கு ஓட்டினேன். பேனா ஆட்டிய அதே குமாஸ்தா படித்துப் பார்த்து, இதை முதலிலேயே செய்வதற்கென்ன என்றான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பணம் மண்டிக்குப் போகும் என்று அவன் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்டதும் மண்டிக்காரர் பாக்கியைப் பற்றிப் பேசாமல் மூட்டைகளை வண்டியில் ஏற்றினார். முதல் மூட்டையை நான் நேரே ஆற்றோரத்துக்குக் கொண்டுபோனேன். ஈட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்திருந்தான். என் வண்டியையும் மூட்டையையும் பார்த்தான். எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு போனான். அந்தப் பொம்பிளை மூட்டையைப் பிரித்தாள். அடுப்பை மூட்டிக் கொள்ளை வேகவைக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் மாம்பலம்.

அந்த வாரமே குளத்து ஸ்டாண்டு வண்டிகள் சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றன. எங்கள் வண்டிகளுக்கு முன்னால் நின்றன. ரயில் வந்தது. ஆபீஸ்காரர்கள் குடையும் டிபன் பாத்திரமுமாக இறங்கினார்கள். இரண்டு பக்கத்து வண்டிக்காரர்களும் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். யார் முறை என்று நான் சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். மீசைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நீ சொல்லாதே.

எங்கள் ஆள் ஒருவன் குதிரையை முன்னால் தட்டினான். அவர்கள் ஆள் கடிவாளத்தைப் பிடித்தான். சவுக்குகள் எழுந்தன. நான் வண்டியிலிருந்து குதித்து நடுவில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு சவுக்கு என் முழங்கைக்குக் கீழே விழுந்து தோலைக் கிழித்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லமாட்டேன். ரத்தத்தைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பாய்க்குக் கண் போன நாளுக்குப் பிறகு எங்களில் ஒருவன் இன்னொருவன் மேல் சவுக்கு வீசியது அன்றுதான்.

திரும்பிப் பார்த்தபோது ஸ்டேஷன் வாசல் காலி. நாங்கள் யார் முறை என்று அடித்துக்கொண்டிருந்தபோது சவாரிகள் அந்தப்பக்கம் நின்ற மோட்டார் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் மூட்டையோடு நின்றார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லையாம். அவரை ஏற்றிக்கொள்ள எந்தப் பக்கமும் முன்னால் வரவில்லை. கடைசியில் அவர் நடந்தே போனார்.

ராயப்பேட்டைக்குத் திரும்பியதும் பாய் என் கையைப் பிடித்து விளக்கில் பார்த்தார். துணியைக் கிழித்துக் கட்டினார்.

"கண்ணுல படல. அது வரிக்கும் சரி," என்றார்.

நான் கேட்டேன், இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வீர்களா என்று. அவர் முடிச்சை இறுக்கினார்.

அடுத்த வருஷம் என்னைத் தலைவராக்கவில்லை. வந்தவர் முதல் கூட்டத்திலேயே சவுக்கைத் தரையில், தன் ஸ்டாண்டு பக்கத்தில் வைத்தார். மேஜை மேல் மைக்கூடுதான் இருந்தது. மாம்பலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று அவர்களாக ஏதோ செய்துகொண்டார்கள், அதுவும் சண்டையோடுதான். வழக்கத்தை உடைத்தவன் என்ற பேர் எனக்கு அன்று வந்தது, இன்னும் போகவில்லை. இருக்கட்டும். அந்த வழக்கத்தை வேகவைத்துத் தொட்டியில் போட்டிருந்தால் குதிரை தின்றிருக்குமா?

அந்தப் பழுப்புப் பெட்டையைப் பார்க்க மட்டும் வோட்டு நடந்த அந்த வாரம் தினமும் போனேன். முதலில் கழுத்தை நீட்டித் தின்றது. அப்புறம் முன்கால்களை ஊன்றிப் பார்த்தது, முடியவில்லை, விழுந்தது. ஒரு காலை நான் போனபோது அது நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் பின்னால் நின்று இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நின்னுக்கினு இன்னா பாக்கற, அந்தப் பக்கம் வந்து புடி" என்றாள். கட்டுப்போட்ட கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்துப் பிடித்தேன்.